உலர்ந்த இறைச்சியும் காட்டுமனிதனும்

கனடாவிலிருந்து வந்த மருமகன் ‘ஜாக் லிங்க்ஸ்’ என்னும் உலர்ந்த மாட்டிறைச்சிப் பொதியொன்றைக் கொண்டுவந்தார். மாட்டிறைச்சி நான் உண்பதில்லை. பொதியை வாசித்ததோடு சரி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மினோங் என்ற சிற்றூரில், 1986இல் ஜாக் லிங்க் என்பவர் தம் புதல்வர்களுடன் தொடங்கிய தொழில் இது. குடும்பத்துப் பழைய பக்குவமே முதல். ஆயினும் அதனைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றவை 2006இல் தொடங்கிய தொலைக்காட்சி விளம்பரங்கள். சஸ்குவாட்ச் எனும் கட்டுக்கதைக் காட்டுமனிதனை இளைஞர்கள் சீண்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வர். சுவை பற்றிய பேச்சே அரிது, விற்பனையானது சிரிப்பு. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை.

அதே 2006இல்தான் சம்பூர் மக்கள் நாம் ஊரைவிட்டு ஓடினோம். வேட்டையிறைச்சிக்கு உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் உலர்த்தும் பக்குவம் எங்கள் பாட்டிமாரிடமும் இருந்தது. பட்டி மாடுகளும் தயிர்ச் சட்டிகளும் இருந்தன. காணிகள் விடுவிக்கப்பட்டதோ 2015இலும் 2016இலும்.

நம்மவர்க்குச் சந்தைப்படுத்தத் தெரியாது என்று கொழும்பிலிருந்து எழுதும் நண்பர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும். காட்டுமனிதன் அங்கே பொதி விற்றுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், எங்கள் மாட்டுப்பட்டி இருந்த காணிக்குள் கால் வைக்க எமக்கு அனுமதி இருக்கவில்லை.