நெருக்கீட்டை அளக்கும் கைகள்

நெருக்கீடு என்னும் சொல் இப்பொழுது நம்மவர் வீடுகளிலே அடிக்கடி அடிபடுகின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கும் சிறுவனுக்கு நெருக்கீடு. அவனை ஒரு டியூட்டரியிலிருந்து மற்றொரு டியூட்டரிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கும் நெருக்கீடு. மாலை வேளையிற் பாமன்கடையிலிருந்து காலி வீதிப் பக்கமாக ஒருமுறை நடந்து பார்ப்பவர், புத்தகப் பைகளுடன் விரையும் பிள்ளைகளின் முகங்களிலே இச்சொல்லின் பொருளை வாசித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளோடு இது நின்றுவிடுகின்றதா? 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தைக் கண்ணாரக் கண்டவர்களும், போர்க் காலத்தில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும், 2004 மார்கழியிற் கடலுக்கு உறவினரைப் பறிகொடுத்தவர்களும் நம்முடைய ஒழுங்கைகளிலேதான் வாழ்கின்றனர். பக்கத்து வீட்டிற் கதவொன்று பலமாகச் சாத்தப்பட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்கள் அவர்களிடையே உளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் தந்த நெருக்கீடுகளை ஆராய்ந்து 1993 இல் வெளியிட்ட நூலுக்கு ‘மனவடு’ என்று பெயரிட்டார். காயம் ஆறிய பின்னும் வடு நிற்கும் என்பது நாம் அறிந்ததே. ஆயினும், உடலிலே வடுவைத் தொட்டுக் காட்டலாம். மனத்தின் வடுவை எங்கே காட்டுவது? காட்ட இயலாமையாலன்றோ, “இதெல்லாம் மனப் பலவீனம், கொஞ்சம் திடமாக இருந்தாற் சரியாகிவிடும்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம்!

அந்த வடுவைக் காட்டுவதற்கென்றே வாழ்நாளைச் செலவிடுவோர் சிலர் உலகின் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றனர். இவ்வாரம் அவர்களைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

இத்துறைக்குக் கால்கோள் இட்டவர் ஹான்ஸ் செலியே. கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியபோது, எலிகளுக்கு வெவ்வேறு சாறுகளை ஊசிமூலம் ஏற்றிப் பார்த்தார். எதை ஏற்றினாலும், குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடச் செய்தாலும், விளைவு மூன்றாகவே இருந்தது. சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பி பருத்தது. மார்பிலுள்ள தைமசுச் சுரப்பி சுருங்கியது. இரைப்பையிற் புண் உண்டாயிற்று. துன்பங்கள் பலவாயினும் உடல் அவற்றுக்குத் தரும் மறுமொழி ஒன்றே என்று 1936 இல் அவர் எழுதிய சிறு கடிதம் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது. அதன்பின் 1968 இல் நியூ யோர்க் நகரத்து றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மக்கியுவனும் அவருடைய துணைவர்களும், அதிரீனற் சுரப்பி சுரக்கும் ஓமோன் மூளையினுள்ளே சென்று, ஞாபகத்துக்கு இன்றியமையாத ‘இப்போகம்பசு’ என்னும் பகுதியிலே தங்குவதைக் கண்டனர். கவலைக்கும் மறதிக்கும் இடையே ஒரு பாதை உண்டு என்பது அன்று புலனாயிற்று.

இனி நமக்கு அண்மையிலுள்ள பெங்களூருக்கு வருவோம். பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்ற டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையாகிய தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையம் அங்கே இருக்கின்றது. அங்கே சுமந்திர சத்தர்ஜி என்பவரின் ஆராய்ச்சிகூடம் நெருக்கீட்டையும் மூளையையும் பல்லாண்டு காலம் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றது.

ஆராய்ச்சிகூடம் என்றதும் வெள்ளை அங்கி அணிந்த மேதை ஒருவர் தனியே சிந்தித்துக்கொண்டிருப்பதாக நாம் கற்பனை செய்கின்றோம். உண்மையில் இத்தகைய கூடத்தின் முதலாவது முக்கியஸ்தர் எலிக்கூடுகளைப் பராமரிப்பவரே. வேளை தவறாமல் உணவும் நீரும் வைப்பதும், கூடுகளைத் துப்புரவு செய்வதும், விளக்கை உரிய நேரத்தில் ஏற்றி அணைப்பதும் அவர் கடமை. எலியைத் தூக்கும் கை பதறினால் எலியும் பதறும். சில நிமிடங்களுக்குள்ளே அதன் இரத்தத்தில் நெருக்கீட்டு ஓமோன் ஏறத் தொடங்கிவிடும். பின்னர் அளப்பது ஆராய்ச்சியின் விளைவா, கையின் விளைவா என்று யாராற் சொல்ல முடியும்? ஆகையால் புதிதாக வரும் மாணாக்கர் முதலிற் கற்கும் பாடம், எலியை அமைதியாகக் கையில் எடுப்பதுதான்.

இது மிகையன்று. செலியே இருந்த அதே மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி மோகில் என்பவரின் குழுவினர் 2014 இல் ஒரு விந்தையை வெளியிட்டனர். அறையில் ஆடவர் ஒருவர் இருந்தாலே எலிகளுக்கு நெருக்கீடு உண்டாகின்றது. பெண்கள் இருந்தால் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆள் வேண்டுமென்பதுகூட இல்லை. ஆடவர் அணிந்து கழற்றிய மேற்சட்டையின் வாடையே போதுமானதாயிருந்தது. எலியை ஒரு குழாயினுள்ளே கால் மணி நேரம் அடைத்துவைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. நேரம் செல்ல எலி பழகிவிடுகின்றது; அதுவரை பொறுத்திருப்பவரே உண்மையை அளக்கிறார். துன்பத்தை அளக்கப் போகின்றவர், தாமே துன்பமாகிவிடாதிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

அடுத்தபடியாக வருவது மூளையைப் பார்க்கும் வேலை. ஒரு நரம்புக்கலம் மரத்தைப் போலக் கிளைவிட்டிருக்கும்; ஆனால் இத்தகைய மரங்கள் கோடிக்கணக்கில் நெருங்கிப் பின்னிக் கிடக்கையில் ஒன்றை எவ்வாறு பிரித்தறிவது? இத்தாலியிலே கமிலோ கொல்கி என்னும் மருத்துவர் 1873 இல் இதற்கு வழி கண்டார். மருத்துவமனையொன்றின் சமையலறையைப் பரிசோதனை அறையாக்கிக்கொண்டு, மூளைத் துண்டைப் பொற்றாசியம் இருகுரோமேற்றிலும் வெள்ளி நைத்திரேற்றிலும் ஊறவைத்தார். நூற்றிற் சில கலங்கள் மட்டும், ஏனென்று இன்றும் முற்றாக விளங்காத காரணத்தால், கன்னங்கரிய நிறம் பெற்றன. ஏனையவை தெளிவாகவே இருந்தன. மஞ்சள் வானத்தின் முன்னே இலையுதிர்ந்த ஒற்றை மரம் நிற்பதுபோலக் கலம் தனித்துத் தெரிந்தது. பெங்களூரின் ஆராய்ச்சியாளரும் அந்தப் பழைய முறையையே கையாண்டனர்.

நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, கலத்தின் ஒவ்வொரு கிளையையும் கையாலே வரைந்து, நீளத்தை அளந்து, கிளை பிரியும் இடங்களை எண்ண வேண்டும். ஒன்று முடிந்தால் மற்றொன்று. இப்படியே பல மாதங்கள். இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒழுக்கம் ஒன்றுண்டு. கண்ணாடித் தகடுகளில் இரகசிய இலக்கம் மட்டுமே இடப்பட்டிருக்கும். வரைபவருக்கு, தாம் பார்ப்பது துன்புற்ற எலியின் மூளையா, சுகமாயிருந்த எலியின் மூளையா என்பது தெரியாது. தாம் எதிர்பார்ப்பதைத் தம் கண்ணே கற்பித்துக் காட்டிவிடக் கூடாதென்று, தம்மையே நம்பாமற் காவல் வைத்துக்கொள்கின்றனர். பிறரைக் குறித்து ஒரு நொடியில் முடிவு கட்டிவிடும் நமக்கு இதுவும் ஒரு பாடமாகலாம்.

இத்தனை பிரயாசையின் பயன் என்ன? 2002 இல் அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா, சங்கரநாராயண ராவ், சத்தர்ஜி ஆகிய நால்வரும் வெளியிட்ட கட்டுரை அதைக் கூறிற்று. நாளொன்றுக்கு 2 மணி நேரம், 10 நாட்கள், எலிகள் அசைய இயலாதவாறு கட்டுப்படுத்தப்பட்டன. ஞாபகத்துக்குரிய இப்போகம்பசுப் பகுதியில் நரம்புக்கலங்களின் கிளைகள் குறுகிப்போயின. இது முன்னரே ஓரளவு அறிந்ததுதான். ஆனால், அச்சத்தை ஆளும் ‘அமிக்டலா’ என்னும் வாதுமைப் பருப்பளவான பகுதியில் நிகழ்ந்தது நேர்மாறு. அங்கே கிளைகள் மேலும் செழித்து வளர்ந்திருந்தன! ஒரே துன்பம், ஒரே மூளையிலே, நினைவின் மரத்தை வாட்டி, அச்சத்தின் மரத்தைத் தழைக்கச் செய்தது.

2004 இல் மற்றொரு செய்தி வந்தது. துன்பம் நீங்கி 21 நாட்கள் அமைதியாக விடப்பட்ட எலிகளில் இப்போகம்பசு பழைய நிலைக்குத் திரும்பிற்று, அமிக்டலாவோ திரும்பவில்லை, எலிகளின் பதற்றமும் நீங்கவில்லை. 2005 இல் மூன்றாவது செய்தி. ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம் மட்டும் கட்டுப்படுத்தப்பட்ட எலியின் அமிக்டலாவில் மறுநாள் மாற்றமெதுவும் தென்படவில்லை, 10 நாட்கள் கழித்துப் பார்த்தபோது, கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் நுண்முட்கள் பெருகியிருந்தன, அச்சமும் கூடியிருந்தது.

எலி வேறு, மனிதன் வேறு என்பதை நாம் மறந்துவிடவில்லை. எலியின் மூளையிற் கண்டதை அப்படியே மனிதன்மேல் ஏற்றிவிட எந்த நல்ல விஞ்ஞானியும் துணியமாட்டார். எனினும், நம் வீடுகளில் நாம் காண்பவற்றை இச்செய்திகளின் அருகே வைத்துப் பார்க்காதிருக்க முடியுமா? அடித்து, அதட்டிப் படிப்பிக்கப்படும் சிறுவன் பாடத்தை மறந்துவிடுகின்றான்; அடியை மறப்பதில்லை. கலவரத்திலே தப்பி வந்தவர், “அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சில வாரம் கழித்துத்தான் உறக்கம் போயிற்று” என்கின்றார். “எல்லாம் முடிந்து எத்தனை வருடம், இன்னும் ஏன் பயம்?” என்று அவரை நாம் கேட்கின்றோம். ஞாபகம் மீண்ட பின்னும் அச்சம் தங்கி நிற்கலாம், உடனே தெரியாத காயம் பின்னர் தலைகாட்டலாம் என்பதைக் கரிய மையிட்ட அந்தக் கலங்கள் சொல்லாமற் சொல்கின்றன. அவரிடம் இல்லாதது திடமன்று. கண்ணுக்குத் தெரியாத வடுவொன்று இருக்கின்றது.

இவ்வறிவுக்கு விலை கொடுத்தவை வாயில்லாச் சீவன்கள். சீவகாருண்யத்தைப் போற்றும் நம்மவருக்கு இது உறுத்தலான விஷயமே. உறுத்த வேண்டியதும் முறையே. இந்தியாவில் 1960 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் இத்தகைய பரிசோதனைகள் கண்காணிக்கப்படுகின்றன. நெறிமுறைக் குழுவொன்றின் அனுமதியின்றி ஓர் எலியையும் தொட இயலாது. தேவையானதிலும் கூடுதலாக ஒன்றேனும் துன்புறலாகாது என்பது விதி. விதியைக் காப்பாற்றும் பொறுப்பு இறுதியில் எலியைத் தூக்கும் அந்தக் கையிலேதான் வந்து நிற்கின்றது.

இக்கூடங்களில் இரவு பகலாக உழைக்கும் மாணாக்கரின் நிலையையும் சொல்லாமல் விடலாகாது. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த 2279 மாணாக்கரிடம் வினவப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்பவர்கள். 100 பேருக்கு 41 பேரிடம் ஓரளவோ கடுமையாகவோ பதற்றம் காணப்பட்டது. தாமாக முன்வந்து விடையளித்தோரின் கணக்கு ஆதலால் எல்லோருக்கும் இதைப் பொருத்திவிடலாகாது, என்றாலும் புறக்கணிக்கத்தக்கதன்று. நல்ல வழிகாட்டியும், நேரத்துக்கு வீடு செல்லும் சுதந்திரமும் அவர்களுக்கும் வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்தியொன்றையும் கூறவேண்டும். 2002 ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதிய நால்வருள் ஒருவரான சங்கரநாராயண ராவ், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்திற் பேராசிரியராகி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். நெருக்கீட்டுக்கு உள்ளான எலிகளை அவருடைய குழுவினர் விசாலமான கூட்டிலே, பல தோழர்களோடு, ஏணிகளும் சுரங்க வழிகளும் விளையாட்டுப் பொருள்களும் வைத்து விட்டனர். இப்போகம்பசிலே புதிய கலங்கள் பிறப்பது குன்றியிருந்த நிலை சீர்பட்டது. கற்கும் ஆற்றலும் மீண்டது என 2009 இல் அவர்கள் அறிவித்தனர். அங்கே மருந்தாக அமைந்தவை இடம், துணை, விளையாட்டு என்னும் மூன்றே.

பெற்றோர்களே, இம்மூன்றிற்கும் பெரும் பொருள் தேவையில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே பிள்ளைக்கு ஒரு மணி நேர விளையாட்டை விட்டுவையுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரை தூரமில்லை. வீட்டிலே உறக்கமின்றித் தவிக்கும் முதியவரைத் தனியறையில் விட்டுவிடாமல் அருகிருந்து பேச்சுக் கொடுங்கள்; தேவையாயின் கூச்சப்படாது உளமருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, உங்களுள் எவரேனும் நாளை இத்துறையிற் புகுவீராயின், கெட்டித்தனத்தோடு இன்னொன்றையும் கொண்டு செல்லுங்கள்: பதறாத கை.

பதறிய கைபட்டால் எலியின் இரத்தமே மாறுமென்று இவ்வாராய்ச்சியாளர்கள் கண்டிருக்கும்போது, நம் கையும் சொல்லும் படும் பிள்ளைகளைக் குறித்து நாம் எத்துணைக் கவனமாயிருத்தல் வேண்டும்!