மருத்துவத்துக்கு அப்பாலும் உயிரியல்

நீட் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் உயிரியல் கற்பிக்கும் என்னைப் போன்றோரின் கைப்பேசிகள் ஓய்வதில்லை. அண்மையில் பேசிய தந்தை ஒருவரின் குரலில் கலக்கம் தெரிந்தது. அவருடைய மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. சிறியதொரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் உயிரியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 'பொறியியல் மாணவர்களுக்கு நடுவே உயிரியல் படித்து அவள் என்ன ஆவாள்? இன்னும் ஓராண்டு நீட் தேர்வுக்கே படிக்க வைத்துவிடலாமா?' என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. உயிரியல் என்பது மருத்துவத்துக்கான ஏணி மட்டுமே என்பது ஒன்று. தொழில்நுட்ப நிறுவனம் உயிரியலுக்கு அந்நிய மண் என்பது மற்றொன்று. இரண்டையுமே வரலாறு பொய்யாக்கியிருக்கிறது.

கலிஃபோர்னியா மாகாணத்தின் பாசடீனா நகரில் உள்ள கால்டெக், உலகின் மிகச் சிறிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று. அங்கு இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். நம்மூர்ப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் அதைவிடப் பன்மடங்கு மாணவர்கள் பயில்கின்றனர். அங்கே 1928-இல் உயிரியல் துறையைத் தொடங்க அழைக்கப்பட்டவர், பழ ஈக்களை ஆராய்ந்து மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்திருப்பதை நிறுவிய தாமஸ் ஹன்ட் மார்கன். மருத்துவக் கல்லூரியின் நிழலில் அல்லாமல், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பக்கத்து வீடாக உயிரியல் வளரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணம் வீண்போகவில்லை. இயற்பியலாளரான மாக்ஸ் டெல்புரூக் 1937-இல் அங்கு வந்து, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கையிலெடுத்தார்; 1969-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். வேதியியலாளர் லைனஸ் பாலிங், 1949-இல் அரிவாள் செல் சோகையை ஒரு மூலக்கூறின் நோயாக அடையாளம் காட்டினார். டிஎன்ஏ தன்னைத்தானே எவ்வாறு படியெடுக்கிறது என்பதை மெசல்சனும் ஸ்டாலும் 1958-இல் மெய்ப்பித்ததும் அங்கேதான். இவர்களில் எவரும் தன் துறையின் வேலிக்குள் நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கும் இத்தகைய மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி.என். ராமச்சந்திரன், 1954-இல் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை முன்வைத்தார். புரத வடிவங்களின் எல்லையை வரையறுத்து 1963-இல் வெளியான 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலக ஆய்வகங்களில் உரைகல்லாக விளங்குகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

அப்படியானால் கவலைப்பட ஏதுமில்லையா என்றால், இருக்கிறது. சிறிய தொழில்நுட்ப நிறுவனத்தில் உயிரியல் படிப்பது எளிதன்று. முதலாண்டில் நுண்கணிதமும் இயற்பியலும் நிரலாக்கமும் தவிர்க்க முடியாதவை. துறையில் ஆசிரியர்கள் குறைவு என்பதால் விருப்பப் பாடங்களும் குறைவு. செல்லையும் மூலக்கூறையும் ஆழமாகக் கற்பிக்கும் இடங்களில் காடும் கடலும், தாவர வகைப்பாடும் சூழலியலும் பெரும்பாலும் பின்தள்ளப்படுகின்றன. வளாக வேலைவாய்ப்பு முகாமில் மென்பொருள் நிறுவனங்கள் வரிசைகட்டும்போது, உயிரியல் மாணவர் தனித்து நிற்க நேரிடலாம். இந்தக் குறைகளை மறைத்து ஆலோசனை சொல்வது நேர்மையாகாது.

ஆனால், உண்மையான தடை நிறுவனத்தில் இல்லை. பதினைந்து வயதில் நாம் எழுப்பும் சுவரில் இருக்கிறது. பிளஸ் 1 சேர்க்கையில் கணிதத்துடன் கணினி அறிவியலைத் தேர்ந்தெடுப்பவர் அன்றோடு உயிரியலைக் கைவிடுகிறார். தாவரவியலும் விலங்கியலும் கொண்ட பிரிவில் சேர்பவர் கணிதத்தைக் கைவிடுகிறார். இரண்டையும் படிக்கும் பிரிவு இருந்தாலும், நுழைவுத் தேர்வுகள் மீண்டும் பிரிக்கின்றன. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் சரிபாதி உயிரியலுக்கு, கணிதத்துக்கு ஒன்றுமில்லை. ஐஐடி-க்கான ஜேஇஇ தேர்விலோ உயிரியலுக்கு இடமேயில்லை. ஒரு பாதைக்குக் கணிதம் சுமை, மறுபாதைக்கு உயிரியல் சுமை என்று மாணவர்கள் பழகிவிடுகிறார்கள்.

மாற்றத்தின் அறிகுறிகள் இல்லாமலில்லை. ஐசர் நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு உயிரியல், கணிதம், இயற்பியல், வேதியியல் நான்கையும் சமமாக மதிக்கிறது. சென்னை ஐஐடி 2023-இல் தொடங்கிய மருத்துவ அறிவியல்-பொறியியல் இளநிலைப் படிப்புக்கும் அதே தேர்வின் வழியாகவே சேர்க்கை நடைபெறுகிறது. ஆயினும் ஐசர் நிறுவனம் திருப்பதியில் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் இருக்கிறது, தமிழகத்தில் இல்லை. நீட் குறித்து இத்தனை ஆண்டுகளாக விவாதிக்கும் நாம், இந்தக் குறையையும் ஒரு கோரிக்கையாக எழுப்பியிருக்க வேண்டாமா?

அரசு உடனடியாகச் செய்யக்கூடியவையும் உண்டு. தாவரவியல், விலங்கியல் மாணவர்களுக்கு அடிப்படைக் கணிதத்தையும் புள்ளியியலையும் பிளஸ் 2-விலேயே இணைப்புப் பாடமாகக் கற்பிக்கலாம். பொறியியல் கல்லூரிகளில் உயிரியல் அறிமுகப் பாடம் இருக்குமானால், அது மனப்பாடமாக முடியாமல் செய்முறையோடு நடைபெற வேண்டும். புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்தவர்களுக்கும், புதிய புரதங்களை வடிவமைத்தவருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கணினியும் உயிரியலும் வேறு வேறு வகுப்பறைகள் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அந்தத் தந்தையிடம் நான் 'சேருங்கள்' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டு வரச் சொன்னேன். உயிரியல் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? இளநிலை மாணவர் எந்த ஆண்டில் ஆய்வகத்துக்குள் நுழையலாம்? முன்பு படித்துச் சென்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மகளிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் இருந்தது. அவள் விரும்பியது வெள்ளை அங்கியையா, உயிரியலையா?

வெள்ளை அங்கிதான் என்றால் மீண்டும் ஓராண்டு முயல்வதில் தவறில்லை. உயிரியல்தான் என்றால், அவள் தோற்றுப்போனதாக வீட்டில் யாரும் பேசக்கூடாது. கதவு மூடப்பட்டதாக எண்ணி அந்தக் குடும்பம் வருந்திக்கொண்டிருக்கும் வேளையில், அவள் கையில் இருப்பது வேறொரு கதவின் சாவியாக இருக்கலாம்.