கரித்துண்டு சொல்லாதது

கெடா, சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. கி.மு. 788 என்றோர் ஆண்டும் அறிவிக்கப்பட்டது. உடனே, “அன்றே அங்குத் தமிழன் ஆண்டான்” என்று மாணவர்களிடம் கூறிவிடுகிறோம்!

மரம் மடிந்தபின் அதிலுள்ள கரிமம்-14 சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் மரம் வளர்ந்த காலம் தெரியும். உலை எரிந்த காலம் அன்று. முதுமரத்தின் வைரத்தை எரித்திருந்தால் கரி, உலையைவிட மிக மூத்ததாக இருக்கலாம். கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்திற்கோ இம்முறை ஓராண்டைச் சுட்டாது, நெடிய இடைவெளியையே தரும். உலை மூட்டியவர் பேசிய மொழியை எந்தக் கரியும் சொல்லாது.

இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்ததற்குக் கல்வெட்டுச் சான்றுண்டு. அதைக் கற்பிக்கலாமே! அப்பகுதியின் பதினோராம் எண் பழங்கோயில் 2013இல் இடிக்கப்பட்டதே, அதுவரை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம்?