ஒற்று விட்டால் ஓசை போகும்



தரம் 5 பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தினமும் கேட்கும் சொல் 'புலமைப்பரிசில்'. ஆனால் பதாகைகளிலும் வாட்ஸ்அப் அறிவித்தல்களிலும் 'புலமைபரிசில்' என்றும் வருகிறது. "ஒரு புள்ளி எழுத்துத்தானே, விளங்கினால் போதாதா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போதாது என்பதே எங்கள் கருத்து.

தமிழில் 'ப' ஒரு எழுத்துத்தான், ஓசை இரண்டு. 'பாடம்' என்பதில் வன்மையாக ஒலிக்கும்; 'கோபம்' என்பதில் மென்மையாக ஒலிக்கும். சிங்களத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. எங்களிடம், சொல்லின் நடுவே வல்லோசை வர வேண்டும் என்று காட்டுவது அதற்கு முன்னால் நிற்கும் ஒற்றுத்தான். அதை எடுத்துவிட்டால் பிள்ளை 'கோபம்' போலவே வாசிக்கும். அது பிள்ளையின் பிழையல்ல, எழுதியவரின் பிழை. தமிழ் படிக்கும் சிங்களப் பிள்ளைக்கும், சிங்கள மொழிமூலம் படிக்கும் எங்கள் பிள்ளைக்கும் இது இன்னும் சிரமம்.

நீளமான கூட்டுச் சொல்லில் தடுமாறும் பிள்ளைக்குப் பிடிமானமும் ஒற்றுத்தான். கை தட்டிப் பிரித்துப் பாருங்கள்: பள்-ளிக்-கூ-டம். 'க்' முன்னுள்ள எழுத்தோடு ஒட்டி நிற்கிறது. 'கூ' புதிதாகத் தொடங்குகிறது. பொருளும் அங்கேதான் பிரிகிறது: பள்ளி, கூடம்.

எல்லாச் சொல்லும் இப்படி இலகுவாகப் பிரியாது. 'தேயிலை' பொருளால் தே, இலை. வாயோ தே-யி-லை என்கிறது. இரண்டு பிரிப்பையும் பிள்ளைக்குக் காட்ட வேண்டும்.

பொருள் மாறும் இடமும் உண்டு. 'தந்த பலகை' ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது.

இது எங்களுக்கு மட்டுமுள்ள தலையிடியல்ல. நோர்வே மொழியில் 'றொய்க்ஃபிரித்' என்று சேர்த்து எழுதினால் புகைபிடிக்காத இடம். இடைவெளி விட்டு 'றொய்க் ஃபிரித்' என்று எழுதினால் 'தாராளமாகப் புகையுங்கள்' என்றாகிவிடும்.

எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். 'பலாபத்வல' சிங்களப் பெயர். தமிழ்ப் புணர்ச்சி விதி அதற்குப் பொருந்தாது. எழுத்தை மட்டும் பார்த்து வாசிக்கும் வெளியூர்ப் பிள்ளை நடுவிலுள்ள 'ப'வை மென்மையாக ஒலிக்கலாம். ஊர்ப் பெயரைத் திருத்தித் தர ஊரே இருக்கிறது. புத்தகத்தில் முதன்முதலாகக் காணும் சொல்லை யார் திருத்துவது?

அதற்காகக் கண்ட இடமெல்லாம் ஒற்றுப் போடவும் கூடாது. 'ஊறுகாய்', 'தொலைபேசி' இரண்டும் ஒற்றில்லாமலே சரி. 'ஊறுகாய்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மென்மையாகத்தான் வரும்.

ஆகவே அறிவித்தல் எழுதும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். 'நோன்புக் கஞ்சி', 'ஹஜ்ஜுப் பெருநாள்', 'ஜனாஸாத் தொழுகை' என்று எழுதும்போது, அனுப்ப முன் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். நடுவில் வல்லோசை கேட்டால் ஒற்றைப் போடுங்கள். பெற்றோர் இரவில் ஐந்து நிமிடம் பிள்ளையோடு இருந்து, நீண்ட சொற்களைக் கை தட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பிள்ளைகள் பாடநூலில் மட்டும் தமிழ் படிப்பதில்லை. கடைப் பலகையிலும் உங்கள் போனிலும்தான் அதிகம் படிக்கிறார்கள்.