ஜெயில் வாசலில் யார் நிற்பது?

ஆண்பிள்ளை ஜெயிலை விட்டு வந்தால் வாசலில் அண்ணன், தம்பி, கூட்டாளிகள் நிற்பார்கள். சிலருக்கு மாலை, பட்டாசு கூட உண்டு!

பெண் விடுதலையானால்? பல நேரம் ஒருவரும் இருப்பதில்லை.

புழல் பெண்கள் சிறைக்கு ஜாமீன் உத்தரவு வந்து சேர இருட்டிவிட்டால் அந்தப் பெண்ணின் பாடு திண்டாட்டம்தான். கையில் ஒரு துணிப்பை. எந்த பஸ்சில் ஏறுவது? ஏறி யார் வீட்டில் இறங்குவது?

கணவன் வீட்டில் கதவு திறக்காது. தாய் வீட்டிலோ, "தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோம். கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே" என்பார்கள். பெற்ற பிள்ளை தாயுடன் சிறையில் இருக்க 6 வயது வரைதான் அனுமதி. அதற்குப் பிறகு உறவினர் வீட்டிலோ விடுதியிலோ வளர்ந்த பிள்ளை, "யார் இந்த அம்மா?" என்று பார்க்கும்.

நாட்டில் கைதிகள் 100 பேரில் பெண்கள் சுமார் 4 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஆனால் தெருக்குழாயில் அதெல்லாம் எடுபடுமா? "ஜெயில்காரி" என்ற ஒரே பெயர்தான்!

அரசு சும்மா இருக்கவில்லை. சிறையில் தையல் கற்றுத் தருகிறார்கள். 2023 ஆகஸ்டில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் புழலில் திறக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் குழாயடியில் விழும் சொல்லுக்குத் தையல் மிஷின் பதில் சொல்லாது. அதே சொல்லைக் கேட்டு, தாங்கி, மீண்டு வந்த இன்னொரு பெண்தான் பதில் சொல்ல முடியும்.

இது புது யோசனை அல்ல. குடியை விட்டவர்களே குடிகாரர்களை மீட்கும் கூட்டங்கள் சென்னையில் நடக்கின்றன. எச்.ஐ.வி. பாதித்த பெண்கள் 1998-ல் இதே சென்னையில் ஒன்றுகூடி தங்களுக்கென்று அமைப்பு கண்டார்கள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்ற சொல்லுக்கு அத்தனை பலம்!

வாய்தா தவறினால் வாரண்டு

வெறும் ஆறுதல் மட்டும் அல்ல. ரேஷன் கார்டில் விட்டுப்போன பெயரைச் சேர்க்க எந்த ஆபீசில், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்பது முன்பே நின்றவளுக்குத் தெரியும். ஜாமீனில் வந்தவள் பஸ் காசு இல்லாமலோ, தேதி மறந்தோ ஒரு வாய்தாவுக்குப் போகாவிட்டால் பிடிவாரண்டு வரலாம். மறுபடியும் உள்ளே! "நாளைக்கு உனக்கு கோர்ட்டு இருக்கு, காலையில கிளம்பு" என்று முதல் நாள் இரவே நினைவூட்ட ஒருத்தி இருந்தால் அந்த ஆபத்து இல்லை.

"பழைய கைதிகள் ஒன்று சேர்ந்தால் கும்பல்தான் உருவாகும்" என்று அதிகாரிகள் அஞ்சலாம். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் வாசலில் நல்லவள் நிற்காவிட்டால் கஞ்சா வியாபாரியோ, புரோக்கரோ வந்து நிற்பான். அவன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை!

திருந்தி, சொந்தக்காலில் நிற்கும் பெண்களைச் சிறைத்துறையே விசாரித்துத் தேர்வு செய்யட்டும். அடையாள அட்டையும், வழிச்செலவும், நாள் கூலியும் கொடுக்கட்டும். விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே அவர்கள் உள்ளே போய், வெளியே வரப்போகிறவளோடு பேசிப் பழகட்டும். ஜாமீன் திடீரென்று கிடைத்தால் போனில் கூப்பிட ஒரு நம்பர் இருக்கட்டும்.

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. இவர்களுக்கும் ஒரு குழு, ஒரு வங்கிக் கணக்கு என்றால் இட்லிக் கடை வைக்கலாம், பூ கட்டி விற்கலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் முதலில் அவள் முகத்தைப் பார்க்காதீர்கள்.

புழல் வாசலுக்கு அருகில் ஒரு சின்ன அறை, ஒரு போன், இரவு தங்க நாலு பாய் போதும். சிறைத்துறை இந்த ஆண்டே தொடங்கலாம். வேலூர் பெண்கள் சிறைக்கும் அடுத்தபடியாக ஏற்பாடு செய்யலாம்.