முதுகு காட்டும் நந்தி

சிவன் கோயில் நந்தி சாமியைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தியோ முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலமாம். ஒழுங்கீனம் என்று யாரும் மெமோ கொடுக்கவில்லை.

மனுஷன் திரும்பினால்தான் வம்பு. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் குறைக்கப்பட்ட சலுகைகளைத் திருப்பிக் கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். அவசரச் சட்டம் ஒன்றைப் போட்டு, விசாரணையே இல்லாமல் சுமார் 1,70,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது அரசு. ஆகஸ்ட் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஸ்டிரைக் செய்ய அவர்களுக்குச் சட்ட உரிமையும் கிடையாது, தார்மீக உரிமையும் கிடையாது என்றது. நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் வேலை திரும்பக் கிடைத்தது.

சரி, விசாரிக்காமல் நீக்கியதற்கு அரசு யாரிடம் மன்னிப்பு எழுதிக் கொடுத்தது?

அப்போ ஒழுங்கே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் சார். சி.டி.எச். ரோட்டில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவனை நானும்தான் திட்டுகிறேன். அந்த விளக்கு என் டூவீலரையும் முதலாளி காரையும் ஒன்றாக நிறுத்துகிறது. அது ஒழுங்கு. ஆபீஸில் சொல்லும் 'டிசிப்ளின்' வேறு ஜாதி. மேலே இருப்பவரைப் பற்றி அந்த வார்த்தையை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்?