ஏறியிருப்பவன் தலைவனா?

மல்லச்சந்திரத்தில் ஈமச்சின்னங்களாக எழுந்த கல்திட்டைகளின் பலகைக்கற்களில் வெண்ணிறத்தில் தீட்டப்பட்ட விலங்குகளையும், அவற்றின்மேல் அமர்ந்த மனிதர்களையும் விவரிக்கும்போது ‘தலைவன்’ என்ற சொல் நம் தொல்லியல் எழுத்தில் தயக்கமின்றி வந்து விழுகிறது. ஏறியிருப்பவன் ஆள்பவன், சுமப்பது அடங்கியது என்று கொண்டுவிடுகிறோம். குறிப்பேட்டில் ஒருமுறை ஏறிய அந்தச் சொல் அடுத்த கட்டுரையில் சான்றாகிவிடுகிறது. ஓவியத்தில் யார் மேலே, யார் பெரியவர் என்பதை வைத்து அதிகாரத்தை முடிவுசெய்ய முடியாது. அதற்கு வேறு சான்று வேண்டும். செங்கம் பகுதி எடுத்தனூர் நடுகல்லையே பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆயுதமேந்திய வீரன் பெரிதாக நிற்கிறான். பக்கத்தில் சிறியதாக ஒரு நாய். எழுத்து மட்டும் இல்லாதிருந்தால் ‘வளர்ப்பு நாய்’ என்று ஒற்றை வரியில் முடித்திருப்போம். கல்வெட்டோ அதன் பெயர் கோவிவன் என்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் சொல்கிறது. உருவத்தில் சிறுத்த அந்த நாய்க்கு, வீரனுக்குப் போலவே, பெயரும் செயலும் கல்லில் கிடைத்திருக்கின்றன.

நடுகல்லில் வீரன் பெரிதாக இருப்பதே உருவளவுக்கும் தகுதிக்கும் உள்ள உறவைக் காட்டவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது சிற்பிகள் தலைமுறைகளாகப் பழகிய மரபு. பல கற்களை எழுத்தோடு ஒப்பிட்டு நாம் அறிந்தது. கல்திட்டை ஓவியங்களுக்கு அப்படி ஓர் எழுத்துத் துணை இல்லை. திட்டையை எழுப்பியவர்களே தீட்டினார்களா, பிற்காலத்தவர் வந்து தீட்டினார்களா என்பதைக்கூட ஒவ்வொரு கல்லிலும் தனியாக நிறுவ வேண்டும். சவாரி என்றாலே அடக்குதல்தானே என்பது இன்னொரு மறுப்பு. ஈமச்சின்னத்துக்குள் இருக்கும் சவாரி, இறந்தவரின் பயணமாகவோ தெய்வத்தின் வருகையாகவோ இருக்கவும் இடமுண்டு. மேலிருப்பவனே வலியவன் என்பதும் இந்த மண்ணுக்குப் பொருந்தாது. அஞ்செட்டி மலையில் நாட்றாம்பாளையம் பக்கம் ராகிக் கொல்லையில் இரவுக் காவல் இருப்பவரை வரைந்தால், அவர் பரண்மேல் இருப்பார், யானை கீழே நிற்கும். அந்த இரவில் யார் யாருக்கு அஞ்சுகிறார் என்பதைப் படம் சொல்லாது.

இப்படிப் பார்த்தால் எதையுமே சொல்ல முடியாதே என்பவர்களுக்கு: சொல்ல நிறைய இருக்கிறது. கடிவாளக் கோடு உண்டா, எந்தக் கோட்டின்மேல் எந்தக் கோடு விழுந்திருக்கிறது, விலங்கு பலகைக்கல்லில் குடைந்த இடுதுளையை நோக்குகிறதா உட்சுவரை நோக்குகிறதா, ‘குதிரை’ என்று எழுதக் கழுத்தும் வாலும் இடம் தருகின்றனவா? இவற்றை முதலில் எழுதுவோம். ‘தலைவன்’ என்பதைத் தனிப் பத்தியில், ஊகம் என்ற தலைப்பின்கீழ் வைப்போம். வரும் இதழிலிருந்து கட்டுரைகளை இந்த வரிசையிலேயே கேட்கிறோம்.